“அக்கா, நீ எப்போ போவ?”

கேட்டவன் என் தம்பி. அவனுக்கு வயது 17. எஸ்பிஎம் தேர்வுக்கு இன்னும் 3 மாதம் இருந்தது. இரவு 11 மணிக்கு, ஹாலில் தொலைக்காட்சிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் கூடுதல் கணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் கேட்டான். அதனால்தான் அதிகமாக வலித்தது.

நான் சுங்கை சிப்புட்டை விட்டுக் கிளம்பியபோது எனக்கு வயது 18. சங்லூனில் ஓர் ஆண்டு மெட்ரிகுலேஷன், செர்டாங்கில் 4 ஆண்டு பல்கலைக்கழகம், பிறகு பெட்டாலிங் ஜெயாவில் 3 ஆண்டு வேலை. இந்த 8 ஆண்டுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீண்ட விடுமுறைகளுக்கும்தான் வீட்டுக்கு வருவேன். அப்பா ரயில் நிலையத்திற்கு வந்து நிற்பார். அம்மா நண்டு வாங்கி வைத்திருப்பார். தம்பி என் பையைத் தூக்குவான். அந்த வீட்டுக்கு நான் விருந்தாளி ஆகிவிட்டேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

கடந்த ஆண்டு ஏப்ரலில், நான் வேலை செய்த நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது. அறை வாடகை 550 ரிங்கிட், பிடிபிடிஎன் கல்விக் கடன், சாப்பாடு, போக்குவரத்து என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையிலிருந்த சேமிப்பு 2 மாதத்திற்குத்தான் தாங்கும். “ரெண்டு மாசம்தான்மா” என்று சொல்லி மே மாதம் வீட்டுக்கு வந்தேன். கிளம்பும்போது அக்டோபர் ஆகிவிட்டது.

அறை யாருடையது?

எங்களுடையது 2 அறைகள் கொண்ட மலிவு விலை வீடு. நான் விட்டுப்போன அறை தம்பியின் அறையாகியிருந்தது. சுவரில் தனிம அட்டவணையும் வரலாற்றுப் பாடத்தின் குறிப்புகளும் ஒட்டியிருந்தன. என் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் கிடந்தன.

“பொம்பளப் புள்ள ஹால்ல படுக்க முடியுமா?” என்றார் அம்மா. அன்றைக்கே தம்பியின் மெத்தை ஹாலுக்குப் போனது. மேசை அறையிலேயே இருக்கட்டும், இணையம்வழி நேர்முகத் தேர்வுக்கு வேண்டும் என்றேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் என் துணியை நானே துவைத்தேன், நானே சமைத்தேன். வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் மூன்றாம் படிவ மாணவியாக மாறிவிட்டேன். காலை 10 மணிக்கு எழுந்தேன். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்யும் அம்மா, விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புமுன் செய்து வைத்ததைச் சாப்பிட்டேன். தட்டு அப்படியே கிடக்கும். அப்படி இரு என்று யாரும் சொல்லவில்லை. பழைய வீடு பழைய பழக்கத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறது.

வெளியில் தலைகாட்டுவதையும் குறைத்துக்கொண்டேன். “லீவுல வந்திருக்கா” என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு அக்கா, “இவ்ளோ நாள் லீவா? கல்யாணம் ஏதும் முடிவாயிருச்சா?” என்று கேட்டுவிட்டார்.

தம்பியின் மதிப்பெண்

ஆகஸ்டில் தம்பிக்கு டிரையல் தேர்வு. அரையாண்டுத் தேர்வில் கூடுதல் கணிதத்தில் பி+ எடுத்தவன், இதில் டி எடுத்தான். ஆசிரியர் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அன்றிரவுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இது என் வீடும்தானே? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். படுத்தபடியே யோசித்தேன். அம்மாவின் நாடகமும் அப்பாவின் செய்தியும் முடிய இரவு பத்தரை ஆகும். அதற்குப் பிறகுதான் தம்பிக்கு ஹாலில் அமைதி கிடைக்கும். அந்த 3 மாதத்தில் எனக்கு 4 நேர்முகத் தேர்வுகள் வந்தன. நான்கும் பகலில் நடந்தன. அந்த நேரத்தில் அவன் பள்ளியில் இருந்தான். இரவில் நான் அந்த அறையில் செய்ததெல்லாம் கைப்பேசி பார்த்ததுதான். எனக்குத் தேவையே இல்லாத நேரத்திலும் அவனுடைய மேசையைப் பிடித்து வைத்திருந்தேன்.

தாமதமாகப் பேசியது

அந்த ஞாயிற்றுக்கிழமை, தோசை சாப்பிட்ட பிறகு, “கொஞ்சம் பேசணும்” என்றேன். உட்கார்ந்து பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஏதோ கல்யாண விஷயம் என்று அம்மா பயந்தே போனார்.

முதலில் இடம். பகல் 3 மணிக்குமேல் அறையும் மேசையும் தம்பிக்கு. நான் அம்மாவோடு படுத்துக்கொள்வது என்று முடிவானது. “நான் ஹாலுக்கு வந்துடுறேன். எனக்கு அங்கதான் காத்து வருது” என்றார் அப்பா.

அடுத்தது பணம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்கு, சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. சந்தா செலுத்திய நிபந்தனைகள் பொருந்தினால், முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அது படிப்படியாகக் குறைந்து 6 மாதம் வரை வரும். வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமாக வேலையை விட்டவர்களுக்கும் ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களுக்கும் இது கிடையாது. எனக்கு இந்தத் தொகை வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு காசுகூட வீட்டுக்குக் கொடுக்கவில்லை. இனி மாதம் 200 ரிங்கிட் தருகிறேன் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். அம்மா வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வேலை. இரவுச் சமையலும் பாத்திரமும் என் பொறுப்பு. நான்காவது காலம். ஆண்டு இறுதிக்குள் துறைசார்ந்த வேலை கிடைக்காவிட்டால், ஈப்போவில் எந்த வேலை கிடைத்தாலும் போவது.

கடைசியாக, அக்கம்பக்கத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. அவர் சொன்ன அன்றுதான், பக்கத்து வீட்டு அக்காவின் மகனும் சில மாதங்களாக வேலையில்லாமல் இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது.

இரவில் தம்பியோடு கணக்குப் போட உட்கார்ந்தேன். எனக்கு வகையீடு பாதி மறந்துவிட்டிருந்தது. சில நாள் அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அக்டோபரில் பாயான் லெப்பாசில் ஓராண்டு ஒப்பந்த வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. எடுத்துக்கொண்டேன். தம்பி கூடுதல் கணிதத்தில் சி+ வாங்கினான். டிரையலைவிட மேல்தான். ஆனால் பழைய பி+ வரவில்லை. அந்த 3 மாதத்தை என்னால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலரும் ஒருநாள் பெட்டியோடு வீடு திரும்புவீர்கள். படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருக்கலாம். என்னைப்போல் வேலை போயிருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் இல்லாத ஆண்டுகளில் அந்த வீடு உங்களுக்காக நின்று காத்திருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எவ்வளவு பணம், என்ன வேலை, எதுவரை என்ற நான்கையும் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இடத்தை விட்டுக்கொடுப்பவர்கள் அவர்கள்தாம்.

தம்பி இப்போது ஆறாம் படிவம் படிக்கிறான். போன மாதம் வீட்டுக்குப் போகுமுன் அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: “வெள்ளிக்கிழமை வரேன். ரெண்டு நாள். ஹால்ல படுத்துக்கிறேன்.”

உடனே பதில் வந்தது: “ரூம்லயே படுத்துக்க. மேசை மட்டும் என்னுது.”