புவியியல் ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழுக்கு ஆயத்தம் செய்தல்

புவியியல் ஆய்வுக் கட்டுரை என்பது ஓர் இடத்தைப் பற்றிய கேள்விக்குக் களத்தரவு, வரைபடம், புள்ளிவிவரம் ஆகியவற்றின் துணையுடன் விடை தேடி, அந்த விடையை மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும்படி எழுதி வைப்பதாகும். கல்லூரியில் ஒப்படைக்கும் திட்ட அறிக்கையும் ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையும் ஒன்றல்ல. மாணவர் என்னவெல்லாம் செய்தார் என்பதை அறிக்கை சொல்லும். புதிதாக என்ன தெரியவந்தது, அதை ஏன் நம்பலாம் என்பதைக் கட்டுரை சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யும் முறையைத் தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகிலுள்ள சிலமலையையும், அதற்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் புவியியல் ஆய்விதழ்

இந்தியாவில் புவியியலுக்கென வெளிவரும் பழமையான ஆய்விதழ்களுள் ஒன்று சென்னையில் பிறந்தது. 1926ஆம் ஆண்டு ஆசிரியர்களின் முனைப்பில் சென்னைப் புவியியல் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் இதழே பின்னாளில் ‘இந்தியன் ஜியாகிரபிக்கல் ஜர்னல்’ என்று பெயர் மாறியது. சங்கமும் இந்தியப் புவியியல் கழகம் ஆயிற்று. இவை தவிர கொல்கத்தாவிலிருந்து ‘ஜியாகிரபிக்கல் ரிவியூ ஆஃப் இந்தியா’, வாரணாசியிலிருந்து ‘நேஷனல் ஜியாகிரபிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியா’, புனேயைச் சார்ந்த இந்தியப் புவியியலாளர் நிறுவனத்தின் இதழ் முதலியனவும் உள்ளன. தம் ஊரைப் பற்றி எழுத விரும்பும் மாணவர் முதலில் இவற்றின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எந்த அளவுள்ள கேள்வியை ஒரு கட்டுரை தாங்கும் என்பது அப்போது புரியும். முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்ஃபிலிப்நெட் நடுவத்தின் ‘ஷோத்கங்கா’ களஞ்சியத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

கேள்வியைக் குறுக்குதல்

தொடக்க ஆய்வாளர் செய்யும் முதல் பிழை தலைப்பிலேயே தெரியும். ‘தேனி மாவட்டத்தின் வேளாண் புவியியல்: ஓர் ஆய்வு’ என்பது ஒரு நூலுக்குரிய பரப்பு. அதில் கேள்வி எதுவும் இல்லை. அதே களத்திலிருந்து ‘சிலமலையிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பயணம் செய்கிறார்கள்? கூலியில் எவ்வளவு பங்கு பயணத்துக்கே போகிறது?’ என்று கேட்டால் அது கட்டுரைக்குரிய கேள்வியாகிறது. அளக்க முடிகிற ஒன்று, எல்லை வகுத்த ஓர் இடம், ஒரு காலம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன.

இக்கேள்விக்கு ஊரைத் தாண்டிய பொருளும் உண்டு. தொழிலாளர் வாழ்வது தமிழ்நாட்டில். தோட்டங்களில் பெரும்பாலானவை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். விடியுமுன் ஜீப் ஏறி மாநில எல்லையைக் கடந்து வேலைக்குப் போய் மாலையில் இறங்கி வருபவர்களை எந்த ஒரு மாநிலத்தின் புள்ளிவிவரமும் முழுமையாகக் காட்டுவதில்லை. ‘இது வேறு இடங்களுக்கும் பொருந்துமா?’ என்று மதிப்பாய்வாளர் கேட்பார். எல்லை கடந்து அன்றாடம் வேலைக்குப் போகும் மக்கள் உலகில் பல இடங்களில் உள்ளனர் என்பதை முன்னுரையில் காட்டிவிட்டால் சிலமலை உலகத்தோடு இணைகிறது.

தரவில் உள்ள பொறிகள்

புவியியல் கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படுவதற்கு நடையைவிடத் தரவே அடிக்கடி காரணமாகிறது. இப்பகுதியில் ஆய்வு செய்வோர் கவனிக்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, மாவட்ட எல்லை. மதுரை மாவட்டத்திலிருந்து 1985இல் திண்டுக்கல்லும் 1996இல் தேனியும் பிரிந்தன. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ‘மதுரை’யும் 2001ஆம் ஆண்டின் ‘மதுரை’யும் வெவ்வேறு நிலப்பரப்புகள். இவ்விரண்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் மக்கள்தொகை சரிந்தது போலத் தோன்றும். வட்டம் அல்லது கிராம அளவில் இறங்கி, ஒரே பரப்பைத் தொகுத்த பின்பே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, ஆண்டுக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கல் பசலி ஆண்டைப் பின்பற்றுகிறது. பசலி ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1434ஆம் பசலி 2024 ஜூலையில் தொடங்கியது. மழைத் தரவோ ஜனவரி முதல் டிசம்பர் வரை தொகுக்கப்பட்டிருக்கும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒரு பருவத்தின் மழை வேறொரு பருவத்தின் விளைச்சலோடு சேர்ந்துவிடும்.

மூன்றாவது, மழை. போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான சாலைத் தூரத்தில் போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல் நிற்கிறது. மேற்குச் சரிவைத் தென்மேற்குப் பருவக்காற்று நனைக்கிறது. கிழக்கே அடிவாரம் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஊரிலுள்ள ஒரு மழைமானியின் எண்ணை மலைத் தோட்டத்துக்கும் பொருத்தினால் முடிவு தவறாகும்.

நான்காவது, செயற்கைக்கோள் படம். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைப்பதால் மாணவர் பலரும் நிலப்பயன்பாட்டு மாற்றத்தையே தலைப்பாக எடுக்கின்றனர். அதன் ஒரு படப்புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட். அதைவிடச் சிறிய துண்டு நிலம் படத்தில் தனியாகத் தெரியாது. இதைவிடப் பெரிய சிக்கல் ஏலத்தோட்டத்தில் இருக்கிறது. ஏலம் நிழல் மரங்களின் கீழே வளரும் பயிர். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு மரத்தின் தலைதான் தெரியும். கீழே இருப்பது தோட்டமா காடா என்று தெரியாது. கணினி காட்டும் வண்ணத்தை அப்படியே நம்பினால் தோட்டம் காடாகக் கணக்கில் ஏறும். காட்டு நிலம் எது, சாகுபடி நிலம் எது என்பது வழக்குக்கும் வாழ்வாதாரத்துக்கும் உரிய கேள்வியாக இருக்கும் மலையில் இப்பிழையைச் சிறிது என்று தள்ளிவிட முடியாது. எனவே ஜிபிஎஸ் கருவியுடன் நடந்து சென்று களப்புள்ளிகள் எடுக்க வேண்டும். படம் சொன்னதும் களத்தில் கண்டதும் எத்தனை இடங்களில் ஒத்தன, எத்தனை இடங்களில் மாறின என்று காட்டும் துல்லிய அட்டவணை கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஐந்தாவது, மாதிரி. விடியற்காலையில் ஜீப் நிற்கும் இடத்தில் நின்று நூறு பேரிடம் கேட்பது எளிது. ஆனால் அங்கே கிடைப்பவர்கள் அன்று வேலைக்குக் கிளம்பியவர்கள் மட்டுமே. உடம்பு முடியாமல் வீட்டில் இருப்பவரும், பயணம் தாங்காமல் வேலையை விட்டவரும் கணக்கில் வரமாட்டார்கள். பயணத்தின் சுமையை அளக்க வந்த ஆய்வு, அந்தச் சுமையால் விலகியவர்களையே விட்டுவிடும். வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பதே சரி. அது இயலாதபோது குறையை மறைக்காமல் எழுத வேண்டும்.

வரைபடம்

தலைப்பு, அளவுகோல், வடதிசைக் குறி, குறிவிளக்கம், தரவின் மூலம், ஆண்டு, வரைபட எறியம் ஆகியவை ஆய்வு வரைபடத்தில் இருக்க வேண்டும். எறியத்தில் இப்பகுதிக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. யுடிஎம் முறையில் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை என்பது 43, 44ஆம் மண்டலங்களின் எல்லை. மதுரை நகரம் 44ஆம் மண்டலத்திலும், போடியும் சிலமலையும் 43ஆம் மண்டலத்திலும் அமைகின்றன. மதுரைக்குத் தயாரித்த கோப்பையும் போடிக்குத் தயாரித்த கோப்பையும் மண்டலம் பார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அடுக்குகள் பொருந்தா.

நாட்டின் வெளி எல்லையைக் காட்டும்போது இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தையே பின்பற்ற வேண்டும். அதற்கு மாறான வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுவது இதனாலும் ஆபத்தானது. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கணக்கெடுப்பு ஆவணத்தின்படி ஒரே மாதிரியாக எழுதுக. போடிநாயக்கனூர் ஒரே கட்டுரையில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் மதிப்பாய்வாளரின் நம்பிக்கை குறையும்.

கட்டுரையின் உறுப்புகள்

பெரும்பாலான இதழ்கள் பின்வரும் வரிசையை எதிர்பார்க்கின்றன.

ஆய்வுச் சுருக்கம்: பொதுவாக 150 முதல் 250 சொற்கள். கேள்வி, முறை, முதன்மையான முடிவு, அதன் பொருள் ஆகிய நான்கும் வேண்டும். முடிவைச் சொல்லாமல் ‘விரிவாக ஆராயப்படுகிறது’ என்று முடிப்பது வழக்கமான குறை. கடைசியில் எழுதுவது நல்லது.

முன்னுரை: முன்னோர் ஆய்வுகள் எதுவரை வந்துள்ளன, எங்கே இடைவெளி உள்ளது என்பதைக் கூறும்.

ஆய்வுப் பகுதி: கேள்விக்குத் தேவையான அளவு மட்டும். கோயில், திருவிழா, கல்லூரிகளின் எண்ணிக்கை ஆகியவை தொழிலாளர் பயணத்துக்குத் தொடர்பில்லை என்றால் விலக்கலாம்.

தரவும் முறையும்: இதைப் படித்து மற்றொருவர் அதே ஆய்வை மீண்டும் செய்ய முடிய வேண்டும். அதுவே இப்பகுதிக்குரிய சோதனை.

முடிவுகள்: கண்டது மட்டும். அட்டவணையில் உள்ளதை வாக்கியத்தில் மறுபடி ஒப்பிக்க வேண்டாம்.

விவாதம்: கண்டதற்குக் காரணம் என்ன, முன்னைய ஆய்வோடு ஒத்துப்போகிறதா, வரம்புகள் யாவை என்பன இங்கே வரும்.

முடிவுரையில் தரவு தாங்காத பரிந்துரைகளைச் சேர்ப்பது பலரிடம் காணப்படும் பழக்கம். பயண நேரத்தை மட்டும் அளந்தவர் ‘அரசு தொழிற்சாலை அமைக்க வேண்டும்’ என்று முடிக்கக் கூடாது.

ஆய்வு நெறி

குரங்கணி, கொட்டகுடி மலைப்பகுதிகளுக்குச் செல்வோர் வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைவில் கொள்க. முதுவர், பளியர் குடிகளிடமும் தொழிலாளரிடமும் பேசும்போது ஆய்வின் நோக்கத்தைச் சொல்லி இசைவு பெற வேண்டும். பெயர், வீட்டு அடையாளம், முதலாளியின் பெயர் ஆகியவை வெளியே தெரியலாகாது. கூலியைப் பற்றி மனம் திறந்து சொன்ன ஒருவருக்கு மறுநாள் வேலை இல்லாமல் போனால் அந்த இழப்பை எந்தக் கட்டுரையும் ஈடுசெய்யாது.

கருத்துத் திருட்டு குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை வெளியிட்டது. அதன்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 விழுக்காடு எனப் படிநிலைகள் உள்ளன. மென்பொருள் காட்டும் எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றிப் போடுவது நேர்மையாகாது. மூலத்தைச் சுட்டுவதே நேர்மை. செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகச் சேர்க்க இயலாது. மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் இதழின் விதிப்படி அதைத் தெரிவிக்க வேண்டும்.

இதழைத் தேர்ந்தெடுத்தல்

மாணவர் பணத்தையும் உழைப்பையும் இழப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ‘மூன்றே நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு போலி இதழின் அடையாளம். உண்மையான மதிப்பாய்வுக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. திறந்த அணுக்க இதழ்கள் பல, கட்டுரையை ஏற்ற பின் கட்டணம் பெறுகின்றன. மதிப்பாய்வே இல்லாமல் கட்டணம் பெறுவதுதான் மோசடி.

சரிபார்க்க வேண்டியவை: ஐஎஸ்எஸ்என் எண் உண்மையா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பெயர் உள்ளதா, முந்தைய கட்டுரைகள் படிக்கத் தகுந்தவையா, திறந்த அணுக்க இதழ்களின் அடைவான டிஓஏஜேயில் இடம்பெற்றுள்ளதா? மானியக் குழு பராமரித்து வந்த ‘கேர்’ பட்டியல் 2025இல் கைவிடப்பட்டதால், இதழின் தரத்தை ஆராயும் பொறுப்பு நிறுவனங்களிடமும் ஆய்வாளரிடமும் வந்துள்ளது. அந்தப் பட்டியலை இன்னும் காட்டி அழைப்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது நெறிமீறல்.

அனுப்புதலும் மதிப்பாய்வும்

இருபுற மறைவு மதிப்பாய்வு உள்ள இதழுக்கு அனுப்பும்போது ஆசிரியர் பெயரைத் தலைப்புப் பக்கத்தில் மட்டும் தனியாக வைக்க வேண்டும். கோப்பின் பண்புகளிலும், நன்றியுரையிலும், ‘எமது முந்தைய ஆய்வில்’ என்னும் தொடரிலும் பெயர் வெளிப்பட்டுவிடலாம். வரைபடங்களைத் தனிக் கோப்புகளாக, அச்சுக்கு ஏற்ற தெளிவில் இணைக்க வேண்டும். இதழின் பரப்பெல்லைக்கு இக்கட்டுரை எவ்வாறு பொருந்துகிறது என்று கூறும் சுருக்கமான கடிதமும் தேவை.

பதில் நான்கு வகையில் வரலாம்: ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு. பெருந்திருத்தம் என்பது மறுப்பு அல்ல. கதவு திறந்திருக்கிறது என்று பொருள். மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்துக்கும் எண்ணிட்டு, என்ன மாற்றப்பட்டது, எந்தப் பக்கத்தில் என்று பதில் எழுத வேண்டும். உடன்படாத இடத்தில் காரணத்தைப் பணிவுடன் கூறலாம். மறுக்கப்பட்டால் குறைகளைத் திருத்தி வேறு இதழுக்கு அனுப்பலாம். திருத்தாமல் அனுப்பினால் அதே குறை அங்கும் அகப்படும்.

வெளியான பின்

கட்டுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருகிறது. தகவல் தந்தவர்களுக்கு அது எட்டுவதில்லை. நாள் முழுவதும் மலையில் ஏலக்காய் பறித்துவிட்டு இறங்கி வந்தவர், சமையல் வேலையைத் தள்ளிவைத்து ஆய்வாளருக்காக அரைமணி நேரம் ஒதுக்கியிருப்பார். முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் ஊர் நூலகத்திலும் வைப்பதும், வாய்ப்புக் கிடைத்தால் கிராம சபையில் படித்துக் காட்டுவதும் ஆய்வாளரின் கடமை. ‘நாங்கள் போகும் தூரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்’ என்று அங்கே ஒருவர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆய்வுக்கான கேள்வி அதிலிருந்தே கிடைக்கலாம்.