ஜாலான் புசாரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு

வாரக் கடைசியில் முஸ்தபாவுக்குப் போய்ப் பைகளைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறோம். அங்கிருந்து கிச்சனர் சாலையைப் பிடித்து ஒரு பத்து நிமிடம் நடந்தால் டைர்விட் சாலையில் விளக்குக் கம்பங்கள் தெரியும். அதுதான் ஜாலான் புசார் விளையாட்டரங்கம். தேக்காவின் கொல்லைப்புறம் என்றே சொல்லலாம். 2013 ஜூலை 2ஆம் தேதி இரவு, மலேசிய சூப்பர் லீக் விருது சிங்கப்பூருக்கு வந்தது அந்தத் திடலில்தான். இந்தத் தகவலை நிகழ்ச்சியில் சொன்னால், "அப்படியா?" என்று கேட்கும் இளம் நேயர்கள்தான் அதிகம். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இவ்வளவு மறதி.

என் அப்பாவுக்கு மறக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்த வெற்றி கொஞ்சம் சின்னதாகத்தான் பட்டது. "அங்க என்னடா இருக்கு? ஆறாயிரம் பேரு உக்காந்தா முடிஞ்சுது. நாங்கல்லாம் காலாங்ல அம்பதாயிரம் பேரோட கத்துனவங்க" என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மலேசியக் கிண்ணத்தை 24 முறை வென்ற ஊர் இது. 1977ல் சமது அல்லாப்பிச்சை தலைமையில் பினாங்கை 3-2 என்று வென்றது, 1980ல் பதின்ம வயது ஃபாண்டி அகமது சிலாங்கூருக்கு எதிராக கோல் போட்டது எல்லாம் அப்பா எனக்குத் தூங்கும்போது சொன்ன கதைகள். 1994 டிசம்பரில் ஷா ஆலாமில் பாகாங்கை 4-0 என்று நொறுக்கிய இறுதியாட்டத்துக்கு நண்பர்களோடு பேருந்து பிடித்துப் போனார். மறுநாள் குரல் போய்த் திரும்பி வந்த அப்பாவைப் பார்த்து நான் பயந்து அழுததாக அம்மா சொல்வார். அப்போது எனக்கு ஐந்து வயது.

அந்த வெற்றியிலும் அப்பாவுக்கு ஒரு குறை உண்டு. "சுந்தரம் இல்லாத கப்பு!"

வி. சுந்தரமூர்த்தியின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறை புரியும். காலில் பந்து ஒட்டிக்கொண்டதோ என்று நினைக்க வைத்தவர். 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவரை போய்வந்தவர். 1993ல் புருணைக்கு எதிராக, உடம்பைக் காற்றில் கிடத்தித் தலைக்கு மேல் வந்த பந்தைத் திருப்பி உதைத்து அவர் போட்ட கோலைப் பற்றி இன்றும் காப்பிக்கடையில் கையை ஆட்டிக்காட்டிப் பேசுவார்கள். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் கெடாவிடம் 2-0 என்று தோற்றோம். மறு ஆண்டு லீக்கும் கிண்ணமும் சேர்ந்து கிடைத்தபோது அணியில் அவர் இல்லை. அதற்கடுத்த ஆண்டே, நுழைவுச்சீட்டுப் பணத்தைப் பங்கிடுவதில் வந்த தகராறால் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டே விலகிவிட்டது. ஆட்டக்காரராகத் திரும்பிப் போய் அந்தக் கணக்கைத் தீர்க்க அவருக்கு வாய்ப்பே இல்லாமல் போனது.

2012ல்தான் கதவு மறுபடியும் திறந்தது. லயன்ஸ் 12 என்ற பெயரில், பெரும்பாலும் 23 வயதுக்கு உட்பட்ட பையன்களைக் கொண்ட அணி. பயிற்றுவிப்பாளர் சுந்தரம். ஜாலான் புசாரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே கிளந்தானிடம் 2-1 தோல்வி. ஆண்டு முடிவில் அதே கிளந்தானுக்கு அடுத்த இரண்டாமிடம். பரவாயில்லையே என்றார்கள் பலர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

2013 பருவத்தில் 12 அணிகள், ஆளுக்கு 22 ஆட்டங்கள். மூத்தவர் ஷாரில் இஷாக், நடுத்திடலில் ஹாரிஸ் ஹாருண், பின்வரிசையில் சஃபுவான், மது மோகனா, கோல் கம்பத்தில் இஸ்வான் மாபுட். உண்மையைச் சொன்னால், கண்ணைப் பறிக்கும் ஆட்டம் இல்லை அது. முதலில் கோல் விடாதே, பிறகு பார்ப்போம் என்கிற ஆட்டம். வித்தை காட்டியே பேர் வாங்கிய மனிதர், தன் பையன்களுக்கு அடக்கத்தைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் சில நாள் அலுப்புக்கூட வந்தது. ஆனால் வாராவாரம் புள்ளிப் பட்டியலைப் பார்க்கும்போது அலுப்பு போய்விடும். ஜாலான் புசாரின் செயற்கைப் புல்தரையும் கைகொடுத்தது. இயற்கைப் புல்லில் ஆடிப் பழகிய அணிகளுக்குப் பந்து அங்கே வேறு மாதிரி துள்ளியது.

ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? புகைமூட்டம். 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. எங்கள் நிலையத்தில் மணிக்கொரு தரம் எண்ணை வாசித்து வாசித்து, முகக்கவசம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அந்த வாரம் போனது. காற்பந்தைப் பற்றிப் பேச யாருக்கும் மூச்சில்லை.

புகை விலகிய பிறகு, ஃபெல்டா யுனைடெட்டுடன் ஆட்டம். வென்றால், இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே விருது நமக்கு. இரண்டு சீட்டு வாங்கிவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "செவ்வாக்கிழமையா? வேலை இருக்கே" என்று இழுத்தார். ஏழு மணிக்கு எனக்கு முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார், 1994ல் ஷா ஆலாமுக்குப் போட்டுப்போன அதே சிவப்புச் சட்டையில். வயிற்றில் கொஞ்சம் பிடித்தது.

4-0. ஷா ஆலாமில் வந்த அதே எண்ணிக்கை. பின்னுக்கு இருந்து ஆடும் அணி அன்றைக்கு மட்டும் கட்டவிழ்த்துக்கொண்டது. சிறிய அரங்கம் என்பதால் சத்தம் எங்கும் கலையாமல் நேரே நெஞ்சில் வந்து மோதியது. மலாய்க்காரர், சீனர், எங்களுக்குப் பின்வரிசையில் தமிழில் திட்டியும் கொஞ்சியும் கத்திக்கொண்டிருந்த நாலைந்து அண்ணன்மார்கள், எல்லாருடைய குரலும் ஒன்றாகிவிட்டது. அப்பா திடலைப் பார்க்கவில்லை. திடலோரத்தில் நின்ற பயிற்றுவிப்பாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தொம்பது வருஷம்டா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த அணி இப்போது இல்லை. 2015 மே மாதம் ஃபாண்டியின் பயிற்சியில் மலேசிய எஃப்ஏ கிண்ணத்தைக் கிளந்தானிடமிருந்து 3-1 என்று பறித்தது. அதே ஆண்டு முடிவில் இரு நாட்டுச் சங்கங்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாததால் கலைக்கப்பட்டது. வென்றுகொண்டிருந்த அணியைக் கலைத்தது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. இளையர்கள் தொலைக்காட்சியில் லிவர்பூல், மான்செஸ்டர் என்று பிரிந்து சண்டை போடுகிறார்கள். போடட்டும். ஆனால் தோற்றால் மறுநாள் வேலையிடத்தில் கேலி செய்ய ஜோகூர்க்கார நண்பர் ஒருவர் காத்திருக்கும் போட்டி என்பது வேறு ருசி.

அன்றிரவு அப்பாவும் நானும் சிராங்கூன் சாலைவரை நடந்தே வந்தோம். திறந்திருந்த கடையில் இரண்டு பரோட்டா, ஒரு தே தாரிக். கடைக்காரர் சட்டையைப் பார்த்துவிட்டு, "யாரு ஜெயிச்சா அங்கிள்?" என்று கேட்டார்.

அப்பா நாலு விரலைக் காட்டினார். குரல் மறுபடியும் போயிருந்தது.