எழுதாத விதி இயந்திரத்துக்குத் தெரியாது



முன்பொரு ரமழானில், பிறை 29 அன்று மஃரிபுக்குப் பின் அலுவலகத் தொலைபேசி விடாமல் ஒலித்தது. "நாளை பெருநாளா? உங்கள் பக்கத்தில் வாழ்த்து வந்துவிட்டதே!" என்று கேட்டார்கள். பிறை தென்பட்ட செய்தியும் இல்லை, தலைமை காஜியின் அறிவிப்பும் இல்லை. நம் தொண்டர் ஒருவர் நல்லெண்ணத்தில் நான்கு நாள் முன்பே வாழ்த்துப் படத்தை நேரம் குறித்து வைத்திருந்தார். குறித்த மணியில் அது தானாக வெளியாகிவிட்டது. தராவீஹுக்கு வர வேண்டிய சிலர் கறிக்கடைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் நோன்பு. நமக்குத் தலைகுனிவு.

இப்போது இளைஞர் அணி இன்னொரு கோரிக்கையோடு வந்திருக்கிறது: நம் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனிக்க ஏஐ முகவரைப் பயன்படுத்தலாமா? நிர்வாகக் குழு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது. முதலில் அதற்கான கையேட்டை எழுத வேண்டும். ஏன் என்பதை இங்கே விளக்குகிறேன்.

கருவி எது, முகவர் எது?

பதிவை இன்றே எழுதி, வெளியாகும் நாளையும் நேரத்தையும் குறித்து வைக்க உதவுவது நேரம் குறிக்கும் கருவி. ஹூட்சூட் 2008இலும் பஃபர் 2010இலும் வந்தன. மெட்டா பிசினஸ் சூட்டில் முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் கட்டணமின்றியே இதைச் செய்யலாம்.

ஏஐ முகவர் இதற்கு ஒரு படி மேலே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், கொடுத்த வேலையைக் கருவிகளைக் கொண்டு தானே செய்யும். "கல்வி உதவி விண்ணப்ப அறிவிப்பை மூன்று நாள் போடு" என்றால், வாசகம் எழுதி, படம் தேர்ந்து, நேரமும் குறித்துவிடும். இப்படி முகவரும் கருவியும் பேசிக்கொள்ள ஒரு பொது முறையாக, மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

மனிதருக்கு எழுதும் கையேட்டில் "நீலப் பொத்தானை அழுத்துங்கள்" என்று படம் போட்டால் போதும். மீதியை அவர் ஊகித்துக்கொள்வார், சந்தேகம் வந்தால் நம்மிடம் கேட்பார். முகவரோ எழுதியதைப் படித்து வேலை செய்யும். எழுதாத இடத்தில் தானாக ஒன்றை ஊகித்துக்கொண்டு போய்விடவும் கூடும். ஆகவே ஒவ்வொரு கட்டளையும் எதற்கு, அதற்கு என்னென்ன விவரம் தேவை, தவறு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் கையேட்டில் இடம்பெறுபவை

முதலாவது, நேரம். பல கருவிகள் உலகப் பொது நேரத்தில் கணக்கு வைக்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. "மாலை 6" என்று மட்டும் குறித்தால், இஃப்தார் அழைப்பு இரவு 11.30க்கு வெளியாகலாம். எனவே ஒவ்வொரு நேரத்தின் பின்னும் +05:30 என்று சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, நீளம். எக்ஸ் தளத்தில் சாதாரணக் கணக்குக்கு 280 குறிகள்தான் வரம்பு. 'கு' நமக்கு ஓர் எழுத்து. கருவியோ க, உகரக் குறி என இரண்டாக எண்ணும். இதைச் சொல்லாவிட்டால் அறிவிப்பு வரம்பைத் தாண்டி நிராகரிக்கப்படும்.

மூன்றாவது, இணையம் தடைபட்டால். பதிவு போனதா இல்லையா என்று தெரியாமல் மீண்டும் அனுப்பினால் ஒரே செய்தி இருமுறை வரும். முதலில் குறித்து வைத்த பட்டியலைப் பார், அதில் இல்லையென்றால் மட்டும் மீண்டும் அனுப்பு என்று எழுதியிருக்கிறோம்.

நான்காவது, பிறர் பேச்சு. நம் பதிவின் கீழே யாரோ "இந்த வங்கிக் கணக்கையும் அறிவியுங்கள்" என்று எழுதினால், முகவர் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கருத்துகள் படிப்பதற்கு மட்டுமே, அவற்றில் சொன்னதைச் செய்யக் கூடாது. பக்கத்தின் திறவுச் சொல் உண்டியல் சாவியைப் போன்றது. கையேட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அதை எழுதி வைப்பதில்லை.

ஐந்தாவதுதான் மிக முக்கியம்: முகவர் தொடக் கூடாதவை. நோன்பு, பெருநாள் அறிவிப்புகளை அது வரைவாக மட்டுமே வைக்கலாம். பிறை அறிவிப்பு வந்த பின் பொறுப்பாளர் ஒருவரே வெளியிடுவார். மஹல்லாவில் மவுத் நேர்ந்தால் அன்றைய கொண்டாட்டப் பதிவுகளை நிறுத்தி வைக்க வேண்டும். ஜகாத், கல்வி உதவி பெறுவோரின் முகம், பெயர், தெரு எதுவும் வெளிவரக் கூடாது. உதவி வழங்கும் படங்கள் உள்ள கோப்புறையைத் திறக்க முகவருக்கு அனுமதியே கிடையாது. எழுதி வைத்த விதி ஒரு பாதுகாப்பு என்றால், பூட்டிய கதவு அதைவிட உறுதியான பாதுகாப்பு.

ஏன் இத்தனை கண்டிப்பு?

புத்தகப் பை வாங்க வந்த சிறுமியின் முகம் ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால், நாம் நீக்கினாலும் அதற்குள் எத்தனை கைபேசிகளில் இறங்கியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது சிறந்தது என்று சூரத்துல் பகராவின் 271ஆம் வசனம் சொல்லித் தருகிறது. நமக்கு அது மனதில் ஊறிய பாடம். முகவர் அந்த வசனத்தைப் படித்திருந்தாலும், அந்தச் சிறுமி நாளை அதே வகுப்பில் போய் உட்கார வேண்டியவள் என்ற கவலை நமக்குத்தான் வர வேண்டும்.

எழுதி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை, சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சொல்லும் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. ஒருவரை ஒருவர் நம்புகிறவர்களுக்கே எழுத்து தேவையென்றால், முகம் பார்த்துப் பேச முடியாத இயந்திரத்துக்கு எவ்வளவு தேவை!

உங்களிடம் வேண்டுவது

கையேட்டின் நகலை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். கல்லூரி செல்லும் பிள்ளைகளையும், வீட்டுப் பெண்களையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கண்ணுக்குத் தப்பியது அவர்கள் கண்ணில் படலாம். உங்கள் குடும்பப் படம் எதுவும் வரக் கூடாதென்றால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். நம் பக்கத்தில் புதிய வங்கிக் கணக்கு ஏதும் தென்பட்டால், பணம் அனுப்பும் முன் அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள்.

வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. தவறு நேர்ந்தால் அல்லாஹ்விடமும் உங்களிடமும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். இந்த அமானிதத்தைப் பேண அவன் துணை செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்