கல்கத்தா வீதியில் ஓர் அன்னம்

அன்னத்தைப் பற்றிப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் மாணாக்கர் என்னிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, நீங்கள் அன்னத்தைக் கண்டிருக்கிறீர்களா?" இல்லை என்பதே முப்பது ஆண்டுகளாக யான் இறுத்துவந்த விடை. எங்கள் ஊர்க் கோயிலின் அன்னவாகனத்தைக் கண்டதுண்டு. புலவர் பாடிய அன்னத்தைக் கண்டதில்லை. அது மேனாட்டார் 'சுவான்' எனும் பறவையே என்பாரும், வரித்தலை வாத்து என்பாருமாக அறிஞர் தம்முள் மாறுபடுவர். அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்க முயலேன். சென்ற ஆண்டு ஒல்லாந்திலே யான் ஓர் அன்னத்தைக் கண்டேன். அது பாலை விடுத்துப் பெற்றோலைக் குடித்து வளர்ந்த அன்னம். அதனைப் பற்றியே சொல்லப் புகுகின்றேன்.

என் தமக்கையின் மகள் ஹேக் நகரில் வாழ்கின்றாள். அந்நகரிலே பழைய மோட்டார் வண்டிகளுக்கென்றே லூமன் நூதனசாலை என ஒன்றுண்டு. மைக்கேல் கிரேவ்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அமைத்த அம்மாளிகையை 2010ஆம் ஆண்டில் பியற்றிக்ஸ் மகாராணியார் திறந்துவைத்தனர். இரும்பையும் எண்ணெயையும் கண்டு இன்புறும் இயல்பு எனக்கில்லை. "மாமா, உங்களுக்கெண்டே அங்கை ஒரு கார் நிக்குது, வந்து பாருங்கோ" என்று அவள் வற்புறுத்தியமையாற் சென்றேன்.

வண்டியின் முன்புறம் முழுவதும் அன்னத்தின் நெஞ்சும் வளைந்த கழுத்தும். பின்புறம் நீரில் மிதக்கும் பறவையின் உடலெனத் திரண்டிருக்கிறது. மரச் சட்டகம் கட்டி, இரட்டைத் தோல் போர்த்தாற்போல் உடலமைத்து, அதனிடையே சுண்ணச்சாந்து நிரப்பி, மேலே தாமரைப் பூ வேலைப்பாடுகளைத் தங்கரேக்கால் ஒப்பனை செய்திருக்கின்றனர். இருளிலே அன்னத்தின் கண்கள் மின்னொளியாற் கனலுமாம். புகைபோக்கியின் காற்றால் ஒலிக்கும் எட்டுச் சுரக் குழலொன்றும், அதனை இசைக்க ஆர்மோனியத்திற் போலக் கட்டைகளும் உண்டு. சாரதிக்கு ஆணையிடுவதற்குக் கப்பலிற் பயன்படும் கட்டளைக் கருவி! வண்டிக்குள் கப்பற் கருவி வந்தவாறு எங்ஙனம் என வியந்தேன். இதனை 1910இல் உருவாக்கியோர் இங்கிலாந்தின் கீழ்க்கரையில் லோஸ்ரொவ்ற் பட்டினத்திலிருந்த புறூக் தொழிற்சாலையார். படகுகளும் படகு எந்திரங்களும் செய்து பழகிய கைகள் அவை. நீர்ப்பறவையை வீதியில் விடுவதற்குப் பொருத்தமானவர்களே.

செய்வித்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த செல்வரான பொறியியலாளர் றொபேட் மத்தியூசன் என்பார். கல்கத்தா அன்று ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் தலைநகர். தலைநகரை டில்லிக்கு மாற்றும் அறிவித்தல் 1911இன் இறுதியிலேதான் வந்தது. பல்லக்கும், மாட்டுவண்டியும், சுமைகூலியாளரும், யானையும் கலந்து நடந்த தெருக்களில் இவ்வன்னம் புகுந்தது. சில்லுகளில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்கத் தூரிகைகள் பொருத்தியிருந்தனர் என்றால் அத்தெருவின் நிலையை நாம் ஒருவாறு உணரலாம். பின்புறத்து அடைப்பானைத் திறந்தால் சுண்ணாம்புநீர் வழியில் விழும். அன்னம் எச்சமிட்டது என்று காண்போர் கொள்ளவேண்டும்! இந்த நகைச்சுவையை யான் அவ்வளவாக விரும்பவில்லை.

இனி, மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்னத்தின் அலகு எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோடு குழாயால் இணைக்கப்பட்டிருந்தது. எந்திரத்தின் வெப்பம் ஏறிய அந்நீரே ஆவியாயிற்று. சாரதி விரும்பும்போது அலகு அகலத் திறக்கும். கொதியாவி முன்னே பீறிடும். வழியில் நிற்போர் விலகுவர். முதன்முதல் வெளிக்கிளம்பிய அன்றே தெருவிற் பெருங்கலவரம் விளைந்து, காவற்றுறையினர் தலையிட நேர்ந்தது.

இதனை எண்ணும்போது சீவக சிந்தாமணியின் மயிற்பொறி என் நினைவுக்கு வந்தது. சச்சந்த மன்னன் தன் தேவி விசயையின் பொருட்டுச் செய்வித்த பறவை வடிவான ஊர்தி அது. பொறியைத் திருகிப் பறக்கவும் இறங்கவும் அவள் பழகினாள். பகை சூழ்ந்த நாளிற் கருவுற்றிருந்த அவளைச் சுமந்துபோய் அது சுடுகாட்டில் இறக்கியது. அங்கே சீவகன் பிறந்தான். பறவைப் பொறி ஓர் உயிரைக் காப்பதற்கென்று கற்பித்துக்கொண்டார் திருத்தக்கதேவர். மத்தியூசனுக்கோ தெருவை வெறுமையாக்க வேண்டியிருந்தது.

பின்னர் இவ்வன்னம் பஞ்சாபின் நாபா மகாராசா கைக்குச் சென்றது. அதனைப் பார்த்துச் 'சிக்னெட்' என்ற பெயரில், அன்னக்குஞ்சு என்னும் பொருளில், மின்கலத்தால் ஓடும் சிறு வண்டியொன்றும் செய்யப்பட்டது. நாபாவை ஆண்ட ரிபுதமன் சிங்கை ஆங்கிலேயர் 1923இல் அரசு துறக்கச் செய்து, 1928இல் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் வைத்தனர். மன்னரை வழியினின்றும் விலக்க அவர்களுக்கு ஆவி கக்கும் அலகு வேண்டியிருக்கவில்லை. அன்னமோ அக்குடும்பத்தின் உடைமையாகவே நெடுங்காலம் கிடந்து, 1991இல் லூமன் நூதனசாலையாரால் வாங்கப்பட்டுச் செப்பனிடப்பெற்றது.

செப்பனிட்டோரின் திறத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. பொன் பொன்னாகவே மின்னுகின்றது. கழுத்தின் வளைவிலே ஒரு வடுவும் இல்லை. எங்கள் கோயில் அன்னவாகனத்தையும் திருவிழாவுக்கு முன் வண்ணந் தீட்டிப் புதுக்குவர். ஆயினும் அதனை மறுநாளே அடியார்கள் தோளில் ஏற்றுவர். வியர்வையும் கர்ப்பூரப் புகையும் அதிற் படியும். இவ்வன்னத்தின் முன்னே அன்று நின்றவர்களை யாரும் புதுக்கவில்லை. மத்தியூசனின் பெயர் இருக்கிறது. புறூக்கின் பெயர் இருக்கிறது. ஆவிபட்டு ஒதுங்கிய கூலியாளின் பெயரை எந்தப் பலகையிலும் யான் காணவில்லை.

இஃது எனக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. என் பாட்டனார் மாட்டுவண்டில் ஓட்டிப் பிழைத்தவர். இளமையில் ஒருநாள் புகையிலைச் சிப்பங்களோடு வரும்போது, பின்னே வந்த துரையொருவரின் மோட்டார்க் குழலொலிக்கு மாடுகள் மிரண்டு, வண்டில் வாய்க்காலிற் குடைசாய்ந்தது. மோட்டார் நிற்கவில்லை. முறிந்த கால் கோணலாகவே பொருந்திற்று. அவர் நடக்கும்போது எழும் ஒலியை வைத்தே, இருளிலும் அவர் வருகையை நாங்கள் அறிவோம். ஆனாலும் மோட்டாரை அவர் வெறுத்தாரில்லை என்பதையும் சொல்லவேண்டும். "என்ன பளபளப்பு, தம்பி! கண்ணாடி மாதிரி முகம் தெரிஞ்சுது" என்று அந்த வண்டியின் அழகையே பல்காலும் எனக்குச் சொல்லுவார். அன்னத்தின் முன் யானும் அவரைப் போலவே நின்றேன். அந்தத் தாமரைகளிலிருந்து கண்ணை எடுக்க இயலவில்லை.

அலகுக்கு நேரே, ஆவி பாயும் இடம் இதுவாகத்தான் இருக்குமென்று மனத்திற் கணித்து நின்றுகொண்டிருந்தேன். மருமகள் படம் எடுக்கக் கருவியைத் தூக்கினாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அன்னம் முழுசா வரேல்லை."

ஒதுங்கினேன். அந்தப் படத்தை இப்பொழுது மாணாக்கருக்குக் காட்டுகின்றேன். அதன் இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டைத் தோளொன்று பாதியாகத் தெரிகின்றது. அது யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.