கொல்லைக் கோழி – 9: குளிரல்ல, ஈரம்

காயல்பட்டினத்துக் கோழிக்குக் குளிர்கால யோசனையா என்று ஊட்டிக்காரர் சிரிப்பார். மார்கழி விடியலிலும் இங்கே வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான். ஆனால், 2023 டிசம்பர் 18 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இந்த ஊரில் பெய்த மழை 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அப்படியொரு வெள்ளத்தில் அடித்துப் போகாமல் மதில் மேல் ஏறித் தப்பிய கோழிக்கும் கண்டம் தீராது; அது நனைந்திருக்கும்.

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. இறகுக்குள் அடைபட்ட காற்றுதான் அதைக் காக்கும் போர்வை. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துவிடும். காய்ந்த கோழி ஊட்டியிலும் பிழைக்கும். நனைந்த கோழி காயலில் நடுங்கும்.

நம் கொல்லைகளில் ஒரே சாதியா இருக்கிறது? சிறுவிடை, கழுத்தறுத்தான், கினி, வான்கோழி, நாலு வாத்து. கழுத்தறுத்தானுக்கு இறகு குறைவு. கோடையில் அதுதான் ராஜா, வாடைக் காற்றில் முதலில் ஒடுங்குவதும் அதுவே. கினி பிடிவாதக்காரி. கூடு இருக்க முருங்கை மரத்தில் ஏறி உட்காரும். பொழுது சாயும் முன்பே தீனியைக் காட்டி உள்ளே இழுத்துவிட வேண்டும். வாத்துக்கு வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி உண்டு, மழை ஒட்டாது. அந்தத் தெம்பில் தண்ணீர்ச் சட்டியைக் கலக்கிக் கூட்டையே சேறாக்கிவிடும். ஈர உமியில்தான் ரத்தக் கழிச்சல் பெருகும். வாத்துக்குத் தனியிடம் கொடுங்கள். பாதித் தொல்லை போய்விடும்.

வாடை வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களைச் சாக்கால் மறைத்தால் போதும். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் எச்சத்தின் காரநெடி கண்ணை அரிக்கும். மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். தரைக்கு உமியோ மரத்தூளோ இரண்டு அங்குலம் போடுங்கள். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தையும் குடித்துக்கொண்டு நசநசக்கும்.

குஞ்சுகளின் கதை வேறு. முதல் வாரம் அவற்றுக்கு 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளையே பாருங்கள்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. எல்.ஈ.டி. விளக்கை மாட்டிவிட்டுக் குஞ்சு செத்துவிட்டதென்று புலம்புபவர்கள் உண்டு. அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும், ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில்.

மழை ராத்திரியில் அந்தக் கரண்டும் போய்விடும். அப்போது பனையோலைக் கடகத்தில் குஞ்சுகளை விட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், அந்தப் புகைக்கு மனுசனும் தப்ப மாட்டான். பாட்டில் ஆற ஆற மாற்ற வேண்டும். அன்று வீட்டில் ஒருவருக்குத் தூக்கமில்லை.