பார்த்தவுடன் தோன்றுவதும் பிறகு புலப்படுவதும்

“பார்த்தவுடனேயே சொல்லிவிட்டீர்களே, டாக்டர்!” என்று புறநோயாளிகள் பிரிவில் எங்களிடம் வியந்து கூறுவோர் உண்டு. முகத்தில் அசைவு குறைந்து, கைகளை வீசாமல், குறுகிய அடிகள் வைத்து ஒருவர் அறைக்குள் நுழையும்போதே பார்க்கின்சன் நோய் என்ற எண்ணம் எங்களுக்குத் தோன்றிவிடுகிறது. மார்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படர்ந்த கொப்புளங்களைக் கண்டால், அக்கி என்று சொல்லப் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. இதைச் சிலர் கைராசி என்பர். அச்சொல்லைக் கேட்க எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் அது உண்மையில் என்ன, எப்போது எங்களைக் கைவிடும் என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது.

உளவியலார் இதனை உள்ளுணர்வு என்பர். 1973-ஆம் ஆண்டில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் சதுரங்க ஆட்டக்காரர்களைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுநிலையை 5 விநாடிகள் மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர், புதிதாகக் கற்பவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். பிறகு அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துபோயிற்று. அவருடைய நினைவாற்றல் பெரிதன்று. முன்பு பலமுறை கண்ட அமைப்புகளை அவர் அடையாளம் கண்டுகொண்டார், அவ்வளவே. மருத்துவரின் ‘பார்த்தவுடன்’ என்பதும் இத்தகையதே.

பழகிய அமைப்பைப் போலத் தோற்றமளித்து, உள்ளே வேறொன்றாக இருக்கும் நோய் வரும்போதுதான் இடர்ப்பாடு.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், ஐம்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் காய்ச்சலுடன் எங்கள் கண்காணிப்பில் சேர்க்கப்பட்டார். கடும் தலைவலி, இரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு. அந்த வாரம் வார்டில் பாதிக் கட்டில்களில் டெங்கு நோயாளிகள் இருந்தனர். இவருக்கும் டெங்கு என்றே எழுதினோம். டெங்குப் பரிசோதனை தெளிவான விடை தரவில்லை. அதையும் எங்கள் எண்ணத்துக்கு இசைவாகவே பொருள் கொண்டோம். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஏழு நாட்களுக்குள் தணிந்துவிடும். இவருக்கு ஒன்பதாம் நாளிலும் 103 டிகிரி இருந்தது. அதைப் பார்த்தோம்; குறித்துக்கொண்டோம்; கடந்து சென்றோம்.

அன்றிரவு அவருடைய மகள் எங்களிடம் வந்து, “அப்பா ஒரு மாதிரி பேசுகிறார், டாக்டர். வீட்டு எருமையின் பெயரையே மாற்றிச் சொல்கிறார்” என்றார். காய்ச்சல் மிகுதியால் அப்படி இருக்கும் என்று ஆறுதல் கூறி அனுப்பினோம். அவர் அத்துடன் நிற்கவில்லை. விடியற்காலையில் பணியிலிருந்த செவிலியரிடம் மீண்டும் சொல்ல, செவிலியர் இளம் மருத்துவரை அழைத்து வந்தார். அந்த மருத்துவர் முதல் நாள் நாங்கள் செய்யாததைச் செய்தார்: உடைகளை முழுவதும் அகற்றி, தலை முதல் கால் வரை பார்த்தார். தொடையிடுக்கில், பீடியால் சுட்டது போல ஒரு கருமையான பொருக்கு இருந்தது. வலியில்லாத புண் என்பதால் நோயாளியே அதை அறியவில்லை.

அது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான். புதர்களிலும் உயர்ந்த புல்லிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அவர் புதர் மண்டிய கரையில் புல் அறுத்திருக்கிறார். ‘தொழில்: விவசாயம்’ என்று எழுதிய நாங்கள், அந்த வாரம் என்ன வேலை செய்தார் என்று கேட்கவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற, விலை மலிவான பழைய மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. காலம் தாழ்ந்தால் இந்நோய் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. மூளையை அது ஏற்கெனவே தொட்டிருந்தது. எருமையின் பெயர் மாறியது அதனால்தான்.

இந்நோயை அறியாமல் நாங்கள் தவறவில்லை. தேர்வில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்போம். முதலில் தோன்றிய எண்ணத்தில் மனம் நங்கூரமிட்டுக்கொண்டது; பிறகு வந்த ஒவ்வொரு செய்தியும் அந்தக் கயிற்றின் நீளத்துக்கு மட்டுமே நகர்ந்தது. ‘வேறு என்னவாக இருக்கலாம்?’ என்ற கேள்வியை நாள்தோறும் ஒருமுறையாவது வலிந்து கேட்டுக்கொள்வதே இதற்குத் தெரிந்த மருந்து. களைத்துப்போன மருத்துவர் தமக்குத் தாமே அதைக் கேட்டுக்கொள்வது அரிது. பிறர் கேட்டால் எளிது.

அந்த மகளுக்குத் தட்டணு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் தந்தையை அவர் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். நாங்கள் ஆயிரம் நோயாளிகளிடம் கற்ற அமைப்பறிவை அவர் ஒரே மனிதரிடம் கற்றிருந்தார். ‘இவர் வழக்கம்போல் இல்லை’ என்ற குடும்பத்தாரின் சொல்லுக்குச் சில நாடுகள் முறையான இடமே வகுத்துள்ளன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2013 முதல் ‘ரயன் விதி’ என்ற ஏற்பாட்டின்படியும், இங்கிலாந்தில் 2024 முதல் ‘மார்த்தா விதி’யின்படியும், நோயாளியின் நிலை மோசமடைவதாகக் கருதும் குடும்பத்தார் உடனடி மறுஆய்வு கோரலாம். இரண்டும் பெற்றோரின் அச்சம் செவிமடுக்கப்படாமல் இறந்த குழந்தைகளின் பெயரால் அமைந்தவை. இங்கே அதற்கு விதியொன்றும் வேண்டியதில்லை. இரவு இரண்டு மணியானாலும் செவிலியரிடம் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிப் பயனில்லையெனில் மறுமுறையும் சொல்லுங்கள். தொந்தரவாகுமோ என்று தயங்க வேண்டா. (நாங்கள் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டா, பிறகு வருந்துவோம்.)

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் நெடுங்காலம் மாறுபட்டிருந்த டேனியல் கானமன், கேரி க்ளெயின் என்ற இரு உளவியலார் 2009-இல் இணைந்து ஒரு கட்டுரை எழுதினர். தன் கணிப்பு சரியா தவறா என்பதை ஒருவர் தொடர்ந்து அறிந்துகொள்ள முடியும் துறையில்தான் உள்ளுணர்வு செம்மையாக வளரும் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. மருத்துவத்தில் அது எளிதன்று. நாங்கள் ‘சாதாரண வயிற்று வலி’ என்று அனுப்பிய ஒருவர் மறுநாள் வேறிடத்தில் குடல்வால் அறுவைக்கு ஆளாகியிருந்தால் எங்களுக்கு அது தெரிவதே இல்லை. அவர் குணமடைந்துவிட்டதாகவே எங்கள் மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. அடுத்த நோயாளியிடமும் அதே கணக்கைப் பயன்படுத்துகிறது. ஆகவே இங்கே சொன்னது ஒன்றாகவும் வேறிடத்தில் கண்டது வேறாகவும் இருந்தால், அந்த அறிக்கையின் நகலைப் புறநோயாளிகள் பிரிவில் எங்கள் பெயருக்குக் கொடுத்துச் செல்லுங்கள். குறை கூற வந்தவர்களாக உங்களை நினைக்க மாட்டோம்.