எல்லோஸ்டோன் ஓநாய்களும் உணவு வலைப் பாடமும்

‘ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்’ என்ற பழமொழியோடுதான் நம் மாணவர்கள் பலருக்கு ஓநாய் அறிமுகமாகிறது. பிறகு ஒரு நாள் அறிவியல் பாடத்தில் அதே விலங்கை உணவுச் சங்கிலியின் உச்சியில் வரைந்து, ‘இதுவும் இயற்கைக்குத் தேவை’ என்கிறோம். ஏன் தேவை என்று ஒரு மாணவர் கேட்டால், அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பற்றிச் சொல்லலாம்.

1872இல் உருவான இப்பூங்காவில் ஓநாய்களை அழித்ததில் அரசுக்கே பெரும் பங்கு உண்டு. 1914 முதல் 1926 வரை பூங்காவுக்குள் குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. அத்துடன் ஓநாய்க் கூட்டங்கள் அங்கே இல்லாமல் போயின. எல்க் எனப்படும் பெரிய மான்கள் பெருகின. ஆற்றோரத்து வில்லோ, ஆஸ்பென் கன்றுகளை அவை வளரவிடாமல் மேய்ந்தன. 1960கள் வரை பூங்கா நிர்வாகமே எல்க்குகளைச் சுட்டும், பிடித்து வேறிடம் அனுப்பியும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. ஓநாய் சம்பளம் வாங்காமல் செய்துவந்த வேலை அது!

1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. 1994இல் சுமார் 19,000 ஆக இருந்த வடபகுதி எல்க் கூட்டம் படிப்படியாகச் சுருங்கியது. குட்டிகளும், வயதானவையும், நலிந்தவையுமே ஓநாய்க்கு அதிகம் இரையாயின. ஓநாய் தின்று விட்டுச்சென்ற மிச்சம் காகம், கழுகு, கரடி எனப் பலவற்றுக்கும் உணவானது. முன்பெல்லாம் கடுங்குளிரில் மான்கள் மடியும் குளிர்கால இறுதியில்தான் இவற்றுக்கு அத்தகைய உணவு மிகுதியாகக் கிடைத்தது. இப்போது குளிர்காலம் முழுவதும் பரவலாகக் கிடைக்கிறது. சில ஆற்றங்கரைகளில் வில்லோ மீண்டும் உயர்ந்தது.

இங்கே ஆசிரியர்கள் சற்று நிதானிக்க வேண்டும். ‘ஓநாய் வந்தது, காடு பிழைத்தது’ என்று கதையை ஒரே வரியில் முடிப்பது எளிது. ஆனால் எல்க் குறைந்ததற்குக் கரடி, பூமா, வறட்சி, பூங்காவுக்கு வெளியே மனிதர் ஆடிய வேட்டை ஆகியவையும் காரணங்கள். மரத்தை வெட்டி ஓடையில் அணைகட்டும் பீவர்கள் மறைந்த இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது. அங்கே மேய்ச்சல் குறைந்த பிறகும் வில்லோ முழுமையாக மீளவில்லை. இழந்ததைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாலும் பழைய நிலை அப்படியே திரும்பிவிடுவதில்லை. என் பார்வையில், மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய பகுதியே இதுதான். உள்ளவற்றை அழியாமல் காப்பது ஏன் முதன்மையானது என்பது இதிலிருந்து தானாகவே விளங்கும்.

பூங்காவுக்குள் வேட்டைக்கு அனுமதி இல்லை. ஆனால் ஓநாய்க்குப் பூங்காவின் எல்லைக்கோடு தெரியாது. 2011இல் மான்டானா, ஐடஹோ மாநிலங்களிலும் அடுத்த ஆண்டு வயோமிங்கிலும் ஓநாய்க்கு இருந்த மத்தியச் சட்டப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. 2012 டிசம்பரில், பார்வையாளர்கள் ‘06’ என்று அழைத்த, கழுத்தில் ரேடியோ பட்டை அணிந்த பெண் ஓநாய் பூங்காவுக்கு வெளியே வயோமிங்கில் சட்டப்படியே சுடப்பட்டது. அதன் பிறகு அது வழிநடத்திய கூட்டம் சிதறியது. 2021-22 வேட்டைப் பருவத்தில் மட்டும் எல்லை தாண்டிய 25 பூங்கா ஓநாய்கள் கொல்லப்பட்டன. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது என்று மட்டும் இதைப் பார்க்க முடியாது. ஓநாய்க் கூட்டம் ஒரு குடும்பம். தலைமை ஓநாய் இறந்தால் கூட்டம் கலையவும், அந்த ஆண்டு குட்டி ஈனாமல் போகவும் வாய்ப்பு அதிகம்.

கால்நடை வளர்ப்பவரின் வருத்தத்தையும் வகுப்பில் மறைக்கக் கூடாது. ஆட்டை இழந்தவருக்குச் சூழலியல் விளக்கம் மட்டும் போதாது. இழப்பீடும், காவல் நாய்களும், இரவில் பாதுகாப்பான பட்டியும் வேண்டும்.

இந்திய ஓநாய் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடுவது குற்றம். பிரிட்டிஷ் ஆட்சியிலோ அதைக் கொன்றவருக்குப் பரிசுப்பணம் தரப்பட்டது. இன்று அது பெரும்பாலும் சரணாலயங்களுக்கு வெளியே, வறண்ட புல்வெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும், ஆடு மேய்ப்பவர்களுக்கு அருகிலேயே வாழ்கிறது. அரசு ஆவணங்களில் இந்நிலங்களில் பல ‘தரிசு’ என்றே குறிக்கப்பட்டுள்ளன. உணவு வலைப் பாடத்தின்போது, தரிசு என்று சொல்லப்படும் இடத்தில் வாழும் உயிர்களைப் பட்டியலிடச் சொல்லி மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள்.